செடான் காடிக்குச் சின்ன ஸ்பேரா, முழு ஸ்பேரா? தோட்டத்து ரோட்டில் ஓட்டுகிறவனின் ரிவியூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தோட்டத்துக்குள் இருந்தால், அல்லது அப்பா அம்மா இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருந்து நீங்கள் வாராவாரம் போய் வருகிறவர் என்றால், காடியில் முழு அளவு ஸ்பேர் டயர் வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் வீடு, ஈப்போவில் வேலை, போவதும் வருவதும் தார் ரோட்டில் மட்டும் என்றால் காடியோடு வந்த சின்ன ஸ்பேரே போதும், அதில் காற்று மட்டும் சரியாக இருக்கட்டும். படிக்க நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குத்தான் மீதி.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பழைய அமைச்சர் துன் சம்பந்தன் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், ஒன்றாம் நம்பர் கூட்டரசுச் சாலையை ஒட்டி வளர்ந்த ஊர். அந்தச் சாலையில் டயருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதை விட்டு லிந்தாங் பக்கம் திரும்பி, அங்கிருந்து தோட்டத்து ரோட்டுக்குள் இறங்கினால்தான் சோதனை ஆரம்பம். செம்மண், சரளைக்கல், செம்பனைக் குலை ஏற்றும் லாரி போட்ட பள்ளம், மழை பெய்துவிட்டால் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. ஒரு காலத்தில் எங்கும் ரப்பர்தான், இப்போது பெரும்பாலும் செம்பனை. செம்பனை மட்டையின் அடிப்பக்கத்து முள்ளை மிதித்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்டது என்று. காய்ந்த மட்டை ரோட்டோரம் கிடக்கும், எதிரில் டிராக்டர் வரும், ஒதுங்குவோம், ஏறிவிடும். டயர் உடனே ஒன்றும் சொல்லாது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் காடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது 185/60 ஆர் 15 டயர் போட்ட செடான். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த அளவு டயர் போட்ட செடான்கள் நம் நாட்டில் ஏராளம். பூட்டை, அதாவது காடியின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால் உள்ளே மஞ்சள் ஸ்டிக்கரோடு ஒரு ஒல்லி டயர் இருந்தது. பக்கவாட்டில் டீ 125/80 டி 15 என்று அச்சடித்திருக்கும். முன்னால் இருக்கிற டீ, இது தற்காலிக உபயோகத்துக்கு மட்டும் என்பதற்கு அடையாளம். 125 என்பது அகலம், மில்லிமீட்டரில். மற்ற நான்கும் 185 அகலம் இருக்கும்போது இது மட்டும் 60 மில்லிமீட்டர் குறைவு. உயரமும் குறைவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் காடியின் சாதாரண டயர் ஏறக்குறைய 603 மில்லிமீட்டர் உயரம், அந்தச் சின்ன ஸ்பேர் 581. அதாவது அதை மாட்டினால் அந்த மூலை 11 மில்லிமீட்டர் இறங்கிவிடும். தார் ரோட்டில் 11 மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. நடுவில் திட்டு எழும்பி இருபுறமும் லாரித் தடம் குழிந்துபோன தோட்டத்து ரோட்டில், அதுவும் பூட்டில் சாமான் இருக்கும்போது, அடியில் உரசும் சத்தம் கேட்கும்.

இதைவிட முக்கியம் காற்று. சாதாரண டயருக்கு 220, 230 கேபிஏ (காற்றழுத்த அளவு) என்று அடிக்கிறோம் அல்லவா, சின்ன ஸ்பேருக்கு 420 கேபிஏ, அதாவது 60 பிஎஸ்ஐ. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒல்லியாக இருந்துகொண்டு அதே காடியின் எடையைத் தாங்க வேண்டும் என்றால் உள்ளே அவ்வளவு அழுத்தம் தேவை, வேறு வழி கிடையாது. தார் ரோட்டில் கொஞ்சம் கட்டையாக இருக்கும், அவ்வளவுதான். சரளைக்கல் ரோட்டில் கல் மேலெல்லாம் துள்ளித் துள்ளிப் போகும், ஸ்டீயரிங்கில் பிடிமானம் இருக்கிற மாதிரியே தெரியாது. மழை பெய்து ஊறின செம்மண்ணில் நேர்மாறாக, அகலம் குறைவு, அழுத்தம் அதிகம் என்பதால் கத்தி மாதிரி மண்ணுக்குள் இறங்கும். நான் சொல்வது கற்பனை இல்லை, முன்பக்கம் சின்ன ஸ்பேர் மாட்டிக்கொண்டு சேற்றில் மாட்டினவர்களைக் கயிறு கட்டி இழுப்பது எங்கள் பக்கத்து டிராக்டர்காரர்களுக்குப் பழகிப்போன வேலை.

டயரின் மேல் பூ, அதாவது ரோட்டைப் பிடிக்கிற வரிப்பள்ளம், அதன் ஆழம் இன்னொரு விஷயம். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், சின்ன ஸ்பேரில் புதிதாக இருக்கும்போதே 3 மில்லிமீட்டர் அளவுதான். சீக்கிரம் தேயும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். பேராக் மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தைப்பிங்கில் இன்று மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம்.

ஸ்டிக்கரில் 80 என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, அது வேகம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று அர்த்தம். தூரத்துக்கும் வரம்பு உண்டு. காடிக்குக் காடி மாறும், ஆனால் பல கம்பெனிகள் 80 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கின்றன, சில கையேடுகள் எண் எதுவும் போடாமல் பக்கத்து டயர் கடை வரைக்கும் என்று சொல்லிவிடும். இந்த 80 கிலோமீட்டர் கணக்கைத்தான் எல்லாரும் யோசிக்காமல் விடுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர் சொச்சம், கோலகங்சார் அதைவிடக் கிட்டே, சரி, பிரச்சினை இல்லை. கோலாலம்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். பினாங்குக்கும் 80 பத்தாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற வழியில் தஞ்சோங் மாலிம் தாண்டி டயர் போனால், சின்ன ஸ்பேரைப் போட்டுக்கொண்டு போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பலாம் என்று நினைக்க முடியாது. நெடுஞ்சாலையில் இடது ஓரத்தில் 80இல் போய்ப் பாருங்கள், பின்னால் வருகிற லாரி விளக்கடித்தே உயிரை வாங்கும்.

அடுத்த கடை எவ்வளவு தூரம் என்பதைவிட அடுத்த கடை திறந்திருக்குமா என்பதுதான் எங்கள் ஊரில் உண்மையான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பாதிக் கடை மூடியிருக்கும். சீனப் பெருநாள் வந்தால் தவுக்கே கடையெல்லாம், அதாவது சீன முதலாளிகளின் கடையெல்லாம், நாள்கணக்கில் கதவு சாத்தியிருக்கும், சிலர் ஒரு வாரம்கூடத் திறக்க மாட்டார்கள். தீபாவளிக்கு நம் ஆட்கள் நடத்துகிற ஒர்க்‌ஷாப் மூடியிருக்கும், அந்தச் சமயத்தில் தவுக்கேதான் காப்பாற்ற வேண்டும். அப்படி ஒரு நீண்ட விடுமுறையில் டயரின் பக்கவாட்டு கிழிந்துவிட்டால், ஒட்டவும் முடியாது, அதே அளவில் புதுசும் கிடைக்காது, அத்தனை நாளும் சின்ன ஸ்பேரில்தான் ஓட்ட வேண்டும். 80 கிலோமீட்டர் என்பது இரண்டு நாள் தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய் வந்தாலே முடிந்துவிடும். முழு ஸ்பேர் இருந்தால் அதை மாட்டிவிட்டு, கடை திறக்கும்போது திறக்கட்டும் என்று முறுக்கு தின்றுகொண்டு இருக்கலாம்.

இன்னொரு சங்கடம் பலருக்குத் தெரியாது. நம் ஊர் செடான்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கிற காடிகள். முன்பக்க டயர் பஞ்சரானால், சின்ன ஸ்பேரை நேராக முன்னால் மாட்டுவது நல்லதில்லை. இரண்டு முன்சக்கரமும் வேறு வேறு உயரம் என்றால் ஒன்று வேகமாகச் சுற்றும், ஒன்று மெதுவாகச் சுற்றும், நேர் ரோட்டில்கூடக் கியர்பெட்டிக்குள் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பாகம், ஓயாமல் வேலை செய்யும், சூடாகும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கணக்கும் குழம்பலாம். அதனால் பின்பக்க நல்ல டயரைக் கழற்றி முன்னால் போட்டு, சின்ன ஸ்பேரைப் பின்னால் போட வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. படிக்கும்போது சுலபம். இருட்டில், தூறலில், செம்மண் ரோட்டோரம், ஜேக் நிற்கக் கட்டையான தரை இல்லாத இடத்தில் ஒரு சக்கரம் மாற்றுவதே பெரிய வேலை, அதையே இரண்டு தரம் செய்யச் சொல்கிறார்கள். முழு ஸ்பேருக்கு இந்தத் தொல்லையே இல்லை, போன இடத்தில் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் சின்னதைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், காரணங்கள் நியாயமானவைதான். எடை குறைவு, விலை குறைவு, பூட்டில் இடம் மிச்சம். பெரும்பாலானவர்கள் வருடக்கணக்கில் ஸ்பேரைத் தொடுவதே இல்லை, தொடாத சாமானுக்கு ஏன் இவ்வளவு இடமும் எடையும் என்பது அவர்கள் கணக்கு. கோலாலம்பூரில் கண்டோமினியத்தில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு சரி. இப்போது சில காடிகளில், முக்கியமாக ஹைபிரிட் வகைகளில், அந்தச் சின்னது கூடக் கிடையாது. ஒரு போத்தல் பசையும் சின்ன காற்று மிஷினும் கொடுத்துவிட்டுச் சமாளித்துக்கொள் என்கிறார்கள். முள் குத்தின ஓட்டைக்கு அந்தப் பசை வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். கல் கிழித்த பக்கவாட்டுக்கு வேலை செய்யாது, ரிம் அடிபட்டு வளைந்திருந்தால் செய்யவே செய்யாது. பசைக்குக் காலாவதித் தேதியும் உண்டு, போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பிறகு டயர்க்கடையில் அந்தப் பசையைத் துடைத்து எடுத்து ஒட்டச் சொன்னால் கடைக்காரப் பையன் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கே பசையை உபயோகிக்க மனம் வராது.

இனி முழு ஸ்பேர். இதிலும் குறை இல்லாமல் இல்லை. முதல் குறை பூட். சின்ன ஸ்பேருக்காகச் செய்த குழியில் முழு டயர் உட்காரும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். சில காடிகளில் குழி பெரிதாகத்தான் இருக்கும், விற்கிற நாட்டைப் பொறுத்து எதை வேண்டுமானாலும் வைக்கிற மாதிரி செய்திருப்பார்கள். சிலவற்றில் விட்டமே பத்தாது. என் காடியில் விட்டம் சரியாக இருந்தது, ஆழம் பத்தவில்லை. 125க்குப் பதிலாக 185 அகலம் என்றால் அந்த 60 மில்லிமீட்டர் மேலேதான் வரும். விரிப்புப் பலகை மேடாகி நின்றது. ஓரங்களில் கெட்டி ஸ்பாஞ்ச் பட்டை வெட்டிப் போட்டுச் சமமாக்கிக்கொண்டேன். அதனால் பூட் உயரம் கொஞ்சம் குறைந்தது, பெரிய அண்டா நிமிர்ந்து நிற்காமல் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டம்மாவிடம் இதற்கு இன்னும் அனுமதி முழுதாகக் கிடைக்கவில்லை.

எடையும் கூடும், சில கிலோ. பெட்ரோல் கணக்கில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பூட் நிறையச் சாமான் ஏற்றுகிறவர்கள் பின்பக்க ஸ்பிரிங்கை ஏற்கெனவே படாத பாடு படுத்துகிறோம், இந்தச் சில கிலோ அதில் ஒன்றுமே இல்லை.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும், இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். டீலரிடம் புது ஸ்போர்ட் ரிம் (அலாய் ரிம்) ஐந்தாவதாகக் கேட்டால் சொல்கிற விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். தேவையில்லை. ஹாஃப்-கட் கடையில், அதாவது பழைய காடிகளைப் பிரித்து விற்கிற கடையில், ஸ்டீல் ரிம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஈப்போ பக்கம் இப்படிக் கடைகள் நிறைய. எனக்குக் கிடைத்தது நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்). நான்கு நட் ஓட்டை, அவற்றின் வழியாகப் போகிற வட்டத்துக்கு 100 மில்லிமீட்டர் விட்டம் என்பது நம் நாட்டுச் சின்ன செடான்களில் சகஜமான அளவு, சாகாவும் அதுதான், பெஸ்ஸாவும் அதுதான், வியோஸும் அதுதான். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்று என்று கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. நடுவில் இருக்கிற பெரிய ஓட்டை, சக்கரத்தின் மையத்தில் உட்காருவது, அதன் அளவு வேறு. டொயோட்டா வியோஸ், பெரோடுவா ரகத்துக்கு 54.1 மில்லிமீட்டர், புரோட்டோன் சாகாவுக்கு 56.1. வியோஸ் ரிம்மை சாகாவில் மாட்டப் போனால் நட் ஓட்டையெல்லாம் நேராக வரும், ரிம் மட்டும் உள்ளே போகாது. இதை ரோட்டோரத்தில் கண்டுபிடிக்காமல் வாங்கின அன்றே வீட்டு வாசலில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு கையால் சுற்றியும் பாருங்கள், பிரேக்கில் உரசுகிறதா, ரிம் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். பழைய ரிம் என்றால் வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

நட்டும் ஒரு விஷயம். ஸ்போர்ட் ரிம்முக்கு வந்த நட்டின் அடி சரிவாக இருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா, தட்டையாக வாஷரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோண்டாவில் உருண்டை அடி, பல காடிகளில் சரிவு. ஸ்டீல் ரிம்மின் ஓட்டை அதே வடிவத்தில் இல்லையென்றால் நட் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, ஓட ஓடத் தளரும். பொருந்தவில்லை என்றால் நான்கு நட் தனியாக வாங்கி ஒரு பையில் கட்டி ஸ்பேரோடு வையுங்கள். விலை சொற்பம்.

ரிம் கிடைத்தது, டயர்? புதுசு வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, கடைக்காரர்களுக்குக் கசக்கும். அடுத்த தடவை நான்கு டயரையும் மாற்றும்போது பழைய நான்கில் நன்றாக இருக்கிற ஒன்றை எடுத்து ஸ்டீல் ரிம்மில் போட்டு வையுங்கள். பூ 3, 4 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் ஸ்பேருக்கு அது தாராளம். சட்டத்தில் கேட்கிற குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். ஆனால் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பிறகு கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் தாண்டின டயரை ஸ்பேராகக்கூட வைக்காதே என்று மிஷெலின், கான்டினென்டல் போன்ற பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. காடியோடு வந்த சின்ன ஸ்பேருக்கும் இதே விதிதான். பத்து வருடப் பழைய காடியை செகண்ட் ஹேண்ட் வாங்கினவர்கள் போய் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பாதிப் பேர் டயரில் வெடிப்பு விழுந்திருக்கும், காற்றும் இருக்காது.

முழு ஸ்பேர் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். முன்னால் இருக்கிற டயர் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருக்கும்போது ஸ்பேர் புத்தம் புதுசு 8 மில்லிமீட்டரோடு இருந்தால் உயரத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். சின்ன ஸ்பேர் அளவுக்கு மோசமில்லை, ஆனால் மாதக்கணக்கில் முன்சக்கரத்தில் அப்படியே ஓட்டுவது நல்லதும் இல்லை. இதனால்தான் பழைய நான்கில் ஒன்று என்கிறேன். ஐந்தும் ஒரே ரிம், ஒரே டயர் என்றால் ஐந்தையும் சுழற்சியில் மாற்றி மாற்றிப் போடலாம், எல்லாம் ஒன்றாகத் தேயும், டயர் ஒவ்வொன்றும் கூடுதல் நாள் வரும். ஆனால் ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்த ஐந்து சுழற்சி சரிவராது.

டயர் என்ன பிராண்ட் என்று பின்னூட்டத்தில் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், சில்வர்ஸ்டோன். தைப்பிங்குக்குப் பக்கத்தில் கமுண்டிங்கில்தான் தொழிற்சாலை இருந்தது, நம் வட்டாரத்துச் சாமான். ஷா ஆலம் குட்இயர் தொழிற்சாலை 2024இல் மூடிவிட்டார்கள், இங்கே செய்கிற டயர் குறைந்துகொண்டே போகிறது. ஒருவிதத்தில் வேடிக்கைதான். ஹியூ லோ 1877இல் ரப்பர் கன்று நட்டது பக்கத்து ஊர் கோலகங்சாரில், அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்னும் காட்டுகிறார்கள். நம் பாட்டன் பாட்டி பால் வெட்டின காட்டுக்குள் செம்பனை வந்தது, அந்த மட்டை முள்ளுதான் இப்போது ரப்பரைக் குத்துகிறது. சரி, அது இருக்கட்டும்.

வேலை செய்தது டவுனில் இருக்கிற ஒரு தவுக்கே டயர்க் கடை. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு குறையும் சொல்லப் போகிறேன். கடைக்குள் போனதும் "போஸ், எது வேணும்?" என்று தமிழிலேயே கேட்டார். தோட்டத்து ஆட்களோடு வருடக்கணக்காகப் பழகினவர், நம் ஊர்க் கெட்ட வார்த்தைகள்கூட அத்துபடி. பழைய டயரை ஸ்டீல் ரிம்மில் மாற்றி, புது வால்வு போட்டு, பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தார். ஸ்பேருக்கு எதற்கு பேலன்ஸ் என்று நான் கேட்டேன். "மாட்டினா ஓட்டத்தானே போறே, போஸ்" என்றார், பதில் பேச முடியவில்லை. கூலி ரொம்ப நியாயம், முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. சின்ன ஸ்பேரைக் கொடுத்துவிடுகிறாயா, விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை, காரணம் கீழே.

குறை என்னவென்றால் நட். அங்கே வேலை செய்கிற பையன் காடிச் சக்கரத்து நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கிவிட்டான். வீட்டுக்கு வந்து காடியில் இருக்கிற சின்ன ஸ்பேனரால் கழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே ஏறி நின்று மிதித்தும் ஒரு நட் வரவில்லை. இது ஒரு கடையின் குறை என்று சொல்ல முடியாது, பல கடைகளில் இப்படித்தான். இந்த அளவுக் காடிகளுக்கு நட் இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர், துப்பாக்கி அதைவிட எவ்வளவோ மேலே கொண்டுபோய்விடும். திரும்பப் போய்ச் சொன்னதும் தவுக்கே முகம் சுளிக்காமல் எல்லா நட்டையும் தளர்த்தி, அளவு காட்டுகிற ஸ்பேனரால் கையாலேயே இறுக்கிக் கொடுத்தார், பையனுக்கு ஹொக்கியனில் நல்ல மண்டகப்படி. அதனால் கடைக்கு மார்க் குறைக்கவில்லை. நீங்கள் எந்தக் கடையில் டயர் மாற்றினாலும் கடைசியில் "அண்ணே, கையால இறுக்குங்க" என்று கேட்டு வாங்குங்கள். முழு ஸ்பேர் பூட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தும் நட் கழலவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? ஒரு மீட்டர் நீளத்துக்குப் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று பூட்டில் போட்டு வைத்திருக்கிறேன், ஸ்பேனர் பிடியில் செருகி அழுத்தினால் எந்த நட்டும் பேசும். ஜேக்குக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் கூடவே. செம்மண்ணில் அது இல்லாமல் ஜேக் தூக்குவதற்குப் பதிலாக உள்ளேதான் இறங்கும்.

சின்ன ஸ்பேரைக் கொடுக்காததற்குக் காரணம் என் தங்கச்சி. அவளும் அதே மாடல் காடி, பழையது, செகண்ட் ஹேண்ட், வாங்கும்போதே பூட்டுக்குள் ஸ்பேர் இல்லை, முன்பிருந்தவர் என்ன செய்தாரோ தெரியாது. அவள் வீடு டவுனில், வேலை ஈப்போவில், நாள்தோறும் தார் ரோடு. குழந்தை வண்டி, பள்ளிப் பை, மார்க்கெட் சாமான் என்று பூட் அவளுக்கு உயிர். அவளுக்கு முழு ஸ்பேர் வாங்கிக் கொடு என்று அம்மா சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் போகிற வழியில் எங்கே டயர் போனாலும் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு கடை இருக்கும். முழு ஸ்பேரைத் தூக்கிக் குழியிலிருந்து எடுப்பதே அவளுக்குக் கஷ்டம், சின்னதை ஒரு கையால் எடுப்பாள். நெடுஞ்சாலையில் போயிருந்தால் அதை நடத்துகிற பிளஸ் கம்பெனியின் ரோந்து ஆட்கள் வந்து உதவுவார்கள், ஓரத்தில் நின்று அவள் டயரோடு மல்லுக்கட்டுவதைவிட அவர்களுக்குப் போன் போட்டுவிட்டுத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பது நல்லது. அவள் காடிக்குச் சின்ன ஸ்பேர்தான் சரி, என்னுடையதைத் தூக்கி அவளுக்கே கொடுத்துவிட்டேன். அம்மாவின் தோட்டத்து வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் என் காடியை எடுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சின்ன ஸ்பேர் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். 420 கேபிஏ நிற்க வேண்டிய இடத்தில் 200 நின்றால் அது டயரே இல்லை, மாட்டின கொஞ்ச நேரத்தில் ரிம் தரையைத் தொடும். பெட்ரோல் நிலையத்துக் காற்று மிஷினில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் சில மிஷின் 420 வரைக்கும் போகாமல் நின்றுவிடும், அப்போது டயர்க் கடையில் கேட்டு அடிக்க வேண்டியதுதான், ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி கேட்பார்கள், சிலர் சும்மாவே அடித்துக் கொடுப்பார்கள். வால்வு மேல்பக்கம் வருகிற மாதிரி ஸ்பேரை வைத்தால் எடுக்காமலேயே காற்று அடிக்கலாம். தங்கச்சி காடியில் 420 என்று எழுதின ஸ்டிக்கரை பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டேன், பெட்ரோல் போடும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.

மார்க் போட வேண்டுமென்றால், ஸ்டீல் ரிம், பழைய டயர், கூலி எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் முடிந்த முழு ஸ்பேருக்குத் தோட்டத்து ரோட்டில் பத்துக்கு ஒன்பது, பூட் இடத்துக்காக ஒன்று வெட்டினேன். சின்ன ஸ்பேருக்குத் தார் ரோட்டில் பத்துக்கு ஏழு, தோட்டத்துக்குள் மூன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. பசைப் போத்தல் மட்டும் கொடுத்த காடி வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் பேரம் பேசும்போது டின்டட், டேஷ்கேமரா என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு ஸ்டீல் ரிம்மும் டயரும் கேட்டுப் பாருங்கள், அதற்கு முன் குழியில் உட்காருமா என்று ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.